இடங்களுக்கு நடுவே: சிகாகோவும் செயின்ட் லூயிஸும்

குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் நேரம் பேச்சில் கரைந்துவிடும். தனியாகப் போகிறவர் அந்த நேரத்தையும் முழுசாகக் கடந்தாக வேண்டும். ஆகையால் ஒரு நகரம் அவருக்கு ஏற்றதா என்பதைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் சொல்லாது. அந்த இடங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் சொல்லும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான ஜோடி சிகாகோவும் செயின்ட் லூயிஸும். ஒன்று மிஷிகன் ஏரிக்கரையில், மற்றது மிசிசிப்பி ஆற்றங்கரையில். நடுவே 284 மைல் ரயில் பாதை. ஐந்து மணி நேரத்தை ஒட்டிய பயணம். இரண்டு நாள் அவகாசம், கையில் ஒரு பை, வாடகைக் கார் கிடையாது என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டு ஊரிலும் விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்கு ரயிலிலேயே வந்துவிடலாம். அமெரிக்காவில் எல்லா ஊரும் இந்த உபகாரத்தைச் செய்வதில்லை. ஆனால் ரயிலை விட்டு வெளியே வந்ததும் ஒற்றுமை முடிந்துபோகிறது. சிகாகோவின் 'லூப்' பகுதியில் 1897இல் சுற்றை முடித்த இரும்புத் தூண்பாதை மீது ரயில் கடகடவென்று திரும்புகிறது. கீழே நடைபாதையில் அலுவலகக்காரர்கள், மாணவர்கள், வாத்தியம் வாசிப்பவர், மூலைக்கு மூலை காப்பிக்கடை. செயின்ட் லூயிஸில் அகலமான தெரு, அருமையான செங்கல் கட்டடங்கள், ஒழுங்கான விளக்குகள் எல்லாம் இருக்கின்றன. நடப்பவர்கள்தான் இல்லை. 1950இல் அந்த நகர எல்லைக்குள் 8 லட்சத்து 57 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3 லட்சத்துச் சொச்சம். சிகாகோவும் அதே காலத்தில் 36 லட்சத்திலிருந்து 27 லட்சமாக இறங்கியது. ஆனால் 36இல் 9 போனால் தெருவில் தெரியாது. 8இல் 5 போனால் ஒவ்வொரு மூலையிலும் தெரியும்.

தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. பிரெஞ்சு விலங்குத்தோல் வியாபாரிகள் 1764இல் நிறுவிய செயின்ட் லூயிஸ், நீராவிப் படகுகளின் காலத்தில் மேற்கு முழுவதற்கும் வாசல். சிகாகோ அப்போது சேற்று நிலம். ரயில் வந்தபின் கணக்கு மாறியது. 1856இல் ராக் ஐலண்டில் மிசிசிப்பியைக் கடக்கும் முதல் ரயில்பாலம் கட்டப்பட்ட சில நாட்களிலேயே 'எஃபி ஆஃப்டன்' என்ற படகு அதன்மீது மோதி எரிந்தது. படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பாலத்தின் பக்கம் வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பாலம் நின்றது, சரக்கு அதைக் கடந்து சிகாகோவுக்குப் போனது. செயின்ட் லூயிஸ் தனக்கென்று ஈட்ஸ் பாலத்தைக் கட்டி முடித்தபோது 1874 ஆகிவிட்டது. எஃகால் எழுந்த அந்தப் பாலம் தாங்குமா என்று மக்கள் பயந்ததால் திறப்புக்கு முன் ஒரு யானையை நடத்திக் காட்டினார்களாம். இன்றும் அதன் கீழ்த்தளத்தில் நகர ரயில் ஓடுகிறது, மேல்தளத்தில் காசில்லாமல் நடக்கலாம். இந்த ஊரில் தனியாளுக்குக் கிடைக்கும் மிக நல்ல நடை அதுதான், பகலில் போகவும்.

தண்ணீரிலும் இரண்டு ஊருக்கும் வழக்கு உண்டு. சிகாகோவின் கழிவு ஆற்றில் கலந்து, ஆறு ஏரியில் கலந்து, ஏரித் தண்ணீர் குடிதண்ணீராகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 28 மைல் கால்வாய் வெட்டி 1900 ஜனவரியில் ஆற்றையே பின்னோக்கி ஓடவைத்தார்கள். அந்தக் கழிவு போய்ச் சேர்வது மிசிசிப்பி. அதன் கரையில் செயின்ட் லூயிஸ். மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1906இல் தோற்றது. கெடுதல் நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. மிசூரியின் ஊர்களும் அதே ஆற்றில்தானே கழிவைக் கொட்டுகின்றன என்றும் சுட்டிக்காட்டியது. சிகாகோவில் இன்று சுற்றுலாப் படகு போவது அந்தத் திருப்பிவிடப்பட்ட ஆற்றில்தான். கட்டடக்கலை மையத்தின் தன்னார்வ வழிகாட்டி ஒன்றரை மணி நேரம் இரு கரையிலும் உள்ள கட்டடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். டிக்கெட் விலை கொஞ்சம் உறுத்தும். ஆனால் காலையிலிருந்து யாரோடும் பேசாதவருக்கு ஒன்றரை மணி நேரம் ஒருவர் விஷயத்தோடு பேசுவது தனி ருசி. ஒரே ஒரு சீட்டுக்குத்தான் காசிருக்கிறது என்றால் இதற்கே கொடுங்கள் என்பேன்.

இனி உயரம். சிகாகோவின் வில்லிஸ் கோபுரம், பழைய பெயரில் சியர்ஸ் கோபுரம், 442 மீட்டர். டாக்காவில் படித்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பட்டம் அதனிடம் இருந்தது. 103ஆம் மாடியில் சுவரை விட்டு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. வரிசையில் நின்று, சில நொடி கண்ணாடித் தரைமீது நின்று, படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டும். அங்கே தனியாள் யாரிடமாவது போனை நீட்டித்தான் ஆக வேண்டும்.

செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் நிற்கும் நினைவு வளைவு 630 அடி, அதாவது 192 மீட்டர்தான். கால்களுக்கு நடுவே அகலமும் அதே 630 அடி. ஈரோ சாரினென் 1948இல் போட்டியில் வென்ற வடிவம். 1961இல் அவர் இறந்தபின் 1965 அக்டோபரில் உச்சிக்கல் பொருந்தியது. வளைந்த காலுக்குள் சாதாரண லிஃப்ட் ஏறாது. டிக் பௌசர் என்பவர் இரண்டே வாரத்தில் திட்டம் தீட்டிக் கொடுத்த குட்டி ரயில்தான் மேலே கொண்டுபோகிறது. துணி உலர்த்தும் எந்திரத்தின் உருளை போன்ற அறைக்குள் குனிந்து நுழைந்தால் ஐந்து இருக்கைகள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். தனியாகப் போகிறவரை நான்கு பேர் கொண்ட ஏதாவது ஒரு குடும்பத்தோடு சேர்த்து அடைத்துவிடுவார்கள். நான்கு நிமிட ஏற்றத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாராவது கேட்காமல் இருப்பது அபூர்வம். இங்கே அந்த அறையே அறிமுகம் செய்துவைக்கிறது. உயரத்தில் பாதிகூட இல்லாத வளைவு எனக்குக் கோபுரத்தைவிடப் பிடித்ததற்கு வடிவழகு ஒரு காரணம், இந்த நெருக்கடி இன்னொரு காரணம்.

ஆனால் அந்த வளைவுக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். நினைவுச்சின்னத்துக்காக 1939 முதல் ஆற்றங்கரையில் சுமார் 40 தெருத்தொகுதிகளை இடித்தார்கள். ஊர் பிறந்த இடமே அதுதான். பிறகு நெடுஞ்சாலை ஒன்று பூங்காவையும் நகரத்தையும் அறுத்தது. அதன்மேல் மூடி போட்டுப் பூங்காவை ஊரோடு ஒட்டியது சமீபத்தில்தான். பக்கத்திலிருக்கும் பழைய நீதிமன்றத்தில் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காக வழக்காடினார். 1857இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. நீதிமன்றத்தையும் வளைவையும் ஒருசேரப் பார்க்கலாம். நடுவே வாழ்ந்த தெருக்களைப் பார்க்க முடியாது.

சிகாகோ இதற்கு எதிர்ப்பக்கம். 2004இல் திறந்த மில்லேனியம் பூங்கா, ரயில் தண்டவாளங்களுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் மேலே கூரை போட்டு உண்டாக்கிய நிலம். இருந்ததை அழித்துக் காலி செய்யாமல் காலியாகக் கிடந்ததை ஆட்களால் நிரப்பினார்கள். பம்பாயில் பிறந்த அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' அங்கேதான், 110 டன் எஃகுக் கண்ணாடி. அதன்முன் நின்றால் நகரமும் கூட்டமும் அதில் வளைந்து தெரியும், நடுவில் நீங்களும். தனியாகப் படம் எடுத்துக்கொள்ள இதைவிடச் சௌகரியமான இடம் இல்லை. டிக்கெட்டும் இல்லை.

பணக் கணக்குக்கு வந்தால் தராசு சாய்கிறது. சிகாகோ கலைக்கூடத்துக்கு வெளியூர்க்காரர் சுமார் 30 டாலர் கொடுக்க வேண்டும். செயின்ட் லூயிஸில் கலை அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, வரலாற்று அருங்காட்சியகம் மூன்றுக்கும் நுழைவு இலவசம். மூன்றும் ஃபாரெஸ்ட் பார்க் என்ற சுமார் 1,300 ஏக்கர் பூங்காவுக்குள். இந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1876இல் நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியிலிருந்து பிரிந்து எல்லையைப் பூட்டிக்கொண்டது. பின்னாளில் வசதியானவர்கள் எல்லைக்கு வெளியே குடிபோக, வரியும் அவர்களோடு போனது. அந்த இரு தரப்பும் 1971இல் வாக்களித்து ஒன்று சேர்ந்தது மிருகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்குமாக ஒரு சொத்துவரி கட்டத்தான். காசில்லாத தனிப்பயணிக்கு இது வரப்பிரசாதம். ஒரே குறை, பூங்காவுக்குள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்கு நடந்தால் வெயிலில் கால் ஓய்ந்துவிடும்.

இரண்டு ஊரும் உலகக் கண்காட்சி நடத்தின, சிகாகோ 1893இல், செயின்ட் லூயிஸ் 1904இல். சிகாகோவுக்கென்று ஒதுக்கியிருந்த 1904 ஒலிம்பிக்கையும் செயின்ட் லூயிஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வெற்றி என்று சொல்லிக்கொள்ள அதற்கு அந்த நூற்றாண்டில் கிடைத்தவை சிலவே. கண்காட்சியின் அசிங்கமும் அங்கே உண்டு: பிலிப்பைன்ஸ் பழங்குடிகளைக் குடிசை போட்டு உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். சிகாகோவில் 1893இன் நினைவு தமிழருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. சர்வசமயப் பேரவை நடந்த கட்டடம்தான் இன்றைய கலைக்கூடம். அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் பேசியது அங்கே. அவர் பேசிய கூடம் தற்காலிகமாகப் போட்டது, அது இல்லை. எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' ஓவியமும் அதே கட்டடத்தில்தான். இரவு உணவகத்தில் முதுகு காட்டித் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளை, தனியாக வந்தவர்கள் சற்று அதிக நேரம் நின்று பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

கட்டடங்களை இரண்டு ஊரும் எப்படி நினைவில் வைக்கின்றன என்பதில்தான் குணபேதம் துலங்குகிறது. சிகாகோவின் பெருமையான கட்டடக் கலைஞர்கள் லூயி சல்லிவனும் அட்லரும் கட்டிய பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972இல் அந்த ஊரே இடித்தது. அதன் அலங்காரங்களை மீட்கப் போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி இறந்தார். வணிகக் கூடத்தை மட்டும் கலைக்கூடத்துக்குள் மறுபடி பொருத்தி, பொன்னும் பச்சையுமாகப் பாதுகாக்கிறார்கள். அதே இருவரின் 1891ஆம் ஆண்டு வெய்ன்ரைட் கட்டடமோ, பத்து மாடியோடு செயின்ட் லூயிஸில் இன்னும் நிற்கிறது. பணம் வேகமாகப் புரளாத ஊரில் இடிக்க அவசரமில்லை போலும். இடிந்தவற்றையும் அந்த ஊர் வேறு விதமாகக் கையாள்கிறது. பாப் கேசிலி என்ற சிற்பி பழைய காலணிக் கம்பெனியின் கட்டடத்தில் 1997இல் திறந்த சிட்டி மியூசியம், ஊரின் உடைந்த கொடுங்கைகள், இரும்புக் கம்பிகள், விமான உடல்கள் ஆகியவற்றால் ஆனது. ஒரு காலத்தில் காலணிகள் சறுக்கி இறங்கிய சுருள் பாதையில் இப்போது பத்து மாடி உயரத்திலிருந்து ஆட்கள் சறுக்குகிறார்கள். குழந்தை இல்லாமல் தனியாகப் போகும் பெரியவருக்கு முதல் பத்து நிமிடம் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொண்டால், இரண்டு நகரத்திலும் இதற்கு இணையான இடம் வேறில்லை என்று தெரியும்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிகாகோவின் ஆழத்தட்டுப் பீட்சா வேக அரைமணிக்கு மேலாகும். முழுசாக வாங்கினால் ஒருவரால் முடியாது, சிறிய அளவைக் கேளுங்கள். டெவன் அவென்யூவில் தோசையும் உண்டு. செயின்ட் லூயிஸின் வறுத்த ரவியோலி பெரும்பாலும் மாட்டிறைச்சி அடைத்தது. சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இருட்டியபின் என்ன என்பதைத் தனியாகப் போகிற பெண்கள் முதலில் கேட்பார்கள். இரண்டு ஊருக்கும் குற்றச் செய்திகளில் கெட்ட பெயர் உண்டு. சிகாகோவின் மையத்தில் நாடகம் விட்டு வரும் கூட்டம், உணவகங்கள் என்று இரவு பத்து மணிக்கும் துணைக்கு முன்பின் ஆள் இருப்பார்கள். செயின்ட் லூயிஸின் மையத்தில் பேஸ்பால் ஆட்டம் இல்லாத இரவில் அலுவலகம் முடிந்ததுமே தெரு காலி. பயப்பட ஒன்றுமே நடக்காமலிருக்கலாம். ஆனாலும் கால் தானாக வேகம் கூட்டும். அங்கே இரவு தங்க வேண்டுமானால் ஃபாரெஸ்ட் பார்க்கை ஒட்டிய பகுதியில் அறை எடுப்பது உத்தமம்.

காரோடு ஒரு நண்பர் கிடைத்தால் மட்டும் செயின்ட் லூயிஸ் சட்டென்று பெரிதாகிவிடுகிறது. ஆற்றைக் கடந்து சிறிது தூரத்தில் கஹோகியா: 1100ஐ ஒட்டி ஆயிரக்கணக்கான பூர்வகுடிகள் வாழ்ந்த நகரம், நூறடி உயர மண்மேடு இன்னும் ஏறக்கூடியது. அதற்கு முன்னால் சிகாகோவின் கோபுரங்கள் நேற்று முளைத்தவை.

ஆக, முதல் பயணம், இரண்டே நாள், கார் கிடையாது என்றால் சிகாகோ. அதில் எனக்குத் தயக்கமில்லை. அங்கே ஒரு இடத்தைத் தவறவிட்டாலும் நடந்த வழி ஈடுகட்டிவிடும். நான்கு நாள் இருந்தால் இரண்டையும் பார்க்கலாம், செயின்ட் லூயிஸை முதலில் வைத்துக்கொண்டு. சிகாகோவைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால் வெறிச்சோடிய தெருதான் முதலில் படும். அருங்காட்சியகங்களும் வளைவும் இரண்டாம் பட்சமாகிவிடும். அங்கிருந்து காலை ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் சிகாகோ யூனியன் ஸ்டேஷன். சன்னலுக்கு வெளியே பெரும்பாலும் சோளக்கொல்லைதான், படிக்க ஒரு புத்தகம் எடுத்துக்கொள்வது நல்லது.