தோட்டாக் கோதும் துணியோவியமும்

ஆடைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உடுத்தியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒக்கினாவாத் தீவின் பிங்கத்தா என்னும் வண்ணத்துணியைச் சாயமிட்டவர் பக்கம் நின்று நாம் நோக்க விரும்புகிறோம்.

ரியூக்கியு அரசு நிலவிய காலத்தில் அத்துணி மன்னர் குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்குமே உரியதாயிருந்தது. மஞ்சள் நிறமும் பெரிய கோலங்களும் அரச குடும்பத்தின் உரிமை. தகுதி குறையக் கோலமும் சிறுத்தது. 1879இல் யப்பான் அவ்வரசை ஒழித்துத் தன்னுடன் இணைத்துக்கொண்டதும், ஆதரவிழந்த சாயக் குடும்பங்கள் நலிந்தன. யனகி சொயெற்சுவின் நாட்டார் கைவினை இயக்கத்தினர் பின்னர் பிங்கத்தாவைப் போற்றினர். அவர்களுள் ஒருவரான செரிசாவா கெய்சுகே அம்முறையைத் தழுவித் துணியிலும் தாளிலும் அச்சோவியங்கள் படைத்தார். மாளிகைக்கென ஆக்கப்பட்டதை நாட்டார் கலை என்பது விந்தையே. ஆயினும் ஆக்கிய கைகள் உழைப்பாளரின் கைகளல்லவா?

1945ஆம் ஆண்டுப் போரில் ஒக்கினாவா சாம்பலாயிற்று. ஏறத்தாழ இரண்டு இலட்சம் உயிர்கள் மாண்டன. சாயப்பட்டறைகளும் அழிந்தன. ஆய்வாளர் கமக்குரா யொஷித்தாரோ போருக்கு முன்னரே திரட்டி யப்பானிற் காத்துவந்த அச்சுத்தாள்கள் சில எஞ்சின.

பிங்கத்தாவுக்கு வேண்டியவை பல. கோலம் வெட்டிய தாளைத் துணிமீது வைத்து அரிசிப்பசையைத் தேய்ப்பர்; பசை படிந்த இடத்திற் சாயம் பற்றாது. நிறங்களைத் தூரிகையால் ஏற்றியபின் பசையைக் கழுவிவிடுவர். போர் முடிந்த நாட்களில் தாளுமில்லை, நிறமுமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாயமிட்ட குடும்பத்தில் வந்த ஷிரோமா எய்க்கியும் அவர்போன்றோரும் அமெரிக்கப் படையினர் எறிந்த குப்பையைக் கிளறினர். இராணுவ வரைபடங்கள் அச்சுத்தாள்களாயின. உடைந்த இசைத்தட்டு பசை தேய்க்கும் தகடாயிற்று. உதட்டுச்சாயம் சிவப்பு நிறம் தந்தது. வெற்றுத் தோட்டாக் கோது பசை பிழியும் குழல்முனையாயிற்று. அரண்மனை காக்கத் தவறிய கலையைத் தொழிலாளர் குப்பைமேட்டிலிருந்து மீட்டனர் எனின் மிகையாகாது.

இன்றைய ஓவியர் தெருயா யூக்கென் 1973இல் ஒக்கினாவாவிற் பிறந்தவர். 'யூ-ஐ, யூ-ஐ' என்னும் அவரது 2002ஆம் ஆண்டுப் படைப்பு பிங்கத்தா முறையில் அமைந்த ஓர் அங்கி. எட்டி நின்றால் பழைய பூக்கோலம். கிட்டச் சென்றாலோ போர் விமானங்களும் பரசூட்டில் இறங்கும் சிப்பாய்களும் தென்படுகின்றனர். யப்பானிய நிலப்பரப்பில் 0.6 வீதமேயான ஒக்கினாவா, அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தளப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தைச் சுமக்கின்றது. அக்கோலத்தினூடே, மன்னார்க் கடலில் நாமும் அறிந்த ஆவுளியா நீந்துகின்றது. அது கடற்புல் மேய்ந்த ஹெனோகோக் கரையில், 2018 முதல் புதிய தளமொன்றுக்காக மண் கொட்டப்பட்டு வருகின்றது.