கடற்கரை கேட்ட பத்துக் கட்டளைகள்

நற்செய்தி பரப்புவோர் முதற்கண் மொழிய வேண்டியது இறைவனின் கட்டளையையா, அருளையா? ஐரோப்பியச் சமய அறிஞர் நெடிது வாதிட்ட இவ்வினா நம் கடற்கரைக்கும் உரியதே.

பிரான்சிஸ் சவேரியார் 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரவர்க்கு மேல் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் எழுதினார். அதற்கு முன்னர் முத்துக்குளித்துறையில் அவர் கையாண்ட போதனை முறையை, அவ்வாண்டின் தொடக்கத்தில் வரைந்த மடல் காட்டுகிறது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தையும் அதன்பின் பத்துக் கட்டளைகளையும் மக்களைச் சொல்லச் செய்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு, அதனைக் கைக்கொள்ளும் அருளை வேண்டச் செய்தார். தமிழில் தேர்ச்சியற்ற அவர், உள்ளூரார் துணையால் பெயர்த்து மனனம் செய்த சொற்கள் அவை! சிறுவரே அவற்றைப் பெற்றோர்க்கும் கற்பித்தனர்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கிய லுத்தரின் சிறிய ஞானோபதேசமோ கட்டளைகளிலேயே தொடங்குகிறது: முதலில் நோயை உணர்தல், பின்னர் மருந்து. கோப்புகளின் வரிசையிலேயே காலங்கழிக்கும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை. சவேரியாரிடம் கட்டளை குற்றஞ்சாட்டும் ஏடாக அன்றி, நாள்தோறும் ஒழுக வேண்டிய நெறியாகவே நின்றது என்பது நம் கருத்து.

ஆயினும் பொருளுணராது ஒப்பித்தோர் எத்துணையரோ! தமிழை முறையாகக் கற்ற ஒருவர் தேவைப்பட்டார். அவரே அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார். அவர்தம் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல், நம் நகருக்கு வடக்கேயுள்ள கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. பக்கங்கள் பதினாறே.