தர்மபுரியில் காணாமல் போன பதின்மூன்றரை லட்சம் பேர்

தர்மபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 28,56,300. 2011-ல் 15,06,843. சென்சஸ் இணையதளத்தில் இருந்து இரண்டு வருட அட்டவணைகளையும் இறக்கி, எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது இப்படித்தான் வந்தது. பத்தே வருஷத்தில் பதின்மூன்றரை லட்சம் பேர் குறைவு! இத்தனை பேரும் எங்கே போனாங்க?

யாரும் எங்கேயும் போகலை. 2004 பிப்ரவரி 9-ம் தேதி தர்மபுரியில் இருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது, அவ்வளவுதான். 2001 கணக்கை இன்றைய எல்லைப்படி பிரித்தால் தர்மபுரி 12,95,182, கிருஷ்ணகிரி 15,61,118. கூட்டிப் பாருங்கள், சரியாக 28,56,300 வரும். 2011-ல் கிருஷ்ணகிரி 18,79,809. ஆக தர்மபுரி 16 சதவீதம், கிருஷ்ணகிரி 20 சதவீதம் வளர்ந்திருக்கின்றன. பெயர் அதேதான், நிலம்தான் வேறு.

இந்தச் சூடு பட்ட பிறகு, அதே மண்ணின் பழைய கணக்கைப் பார்க்கப் போனேன். அந்தக் காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாவுக்குள் இருந்தவை. நாமக்கல், திருப்பத்தூர் பகுதிகளும் அதில்தான். சென்னை மாகாணத்தின் 1871 சென்சஸில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19.67 லட்சம். 1881-ல் சுமார் 16 லட்சம். மறுபடியும் இறக்கம்!

இதுவும் எல்லை மாற்றமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இடையில் வந்தது 1876-78 பஞ்சம். நம் தாத்தா பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்களே, அதேதான். மழை பொய்த்தது, தானிய விலை எகிறியது, பசியோடு காலராவும் சேர்ந்துகொண்டது. அந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குறைவில் செத்தவர்கள் இருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், பிறக்காமலே போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1891-ல்தான் ஜில்லா ஏறக்குறைய பழைய எண்ணிக்கைக்குத் திரும்பியது. இருபது வருஷம்!

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு இறக்கம் வெறும் அரசாணை. இன்னொன்று பெரும் சாவு. ஆனால் அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அதிலும், காகிதத்தில் மட்டும் நடந்த இறக்கம்தான் பெரிசாகத் தெரிகிறது.

அதனால் இந்த மாதிரி எண்களைத் தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலில், இரண்டு வருட அட்டவணைகளைத் தனித்தனியாக எடுத்து நீங்களே ஒட்டாதீர்கள். சென்சஸ் தளத்தில் ஏ-2 என்றொரு அட்டவணை இருக்கிறது. 1901 முதலான மக்கள்தொகையை, அந்தந்த சென்சஸ் காலத்து மாவட்ட எல்லைக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்திருப்பார்கள். பத்தாண்டு வளர்ச்சியைப் பார்க்க அதுதான் தோது.

இரண்டாவது, மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2001 சென்சஸில் 30 மாவட்டங்கள், 2011-ல் 32, இப்போது 38. திருப்பத்தூர் 2019-ல்தான் மாவட்டமானது. 2011 பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. வேலூர் மாவட்டத்துக்குள் போய் தாலுகா வாரியாகக் கூட்ட வேண்டும். தாலுகாவும் பிரிந்திருந்தால் கிராமம் வரைக்கும் இறங்க வேண்டியதுதான். வேலை அதிகம், ஆனா வேற வழியில்லை.

மூன்றாவது, பழைய சென்சஸ் தொகுதிகளின் ஸ்கேன்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அட்டவணைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் முன்னால் இருக்கும் அறிக்கையையும் படியுங்கள். எண் ஏன் குறைந்தது என்பதை எழுத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் ஒட்டிய அந்த முதல் எக்செல் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. அப்படியே ஒரு வரைபடம் போட்டுப் பகிர்ந்திருந்தால், தர்மபுரியில் பாதிப் பேரை நானே காணாமல் அடித்திருப்பேன். தாது வருஷத்தில் நிஜமாகவே காணாமல் போனவர்களை எல்லைக் குழப்பம் என்று தள்ளியும் விட்டிருப்பேன்.