கட்டுநாயக்கவிலிருந்து கல்முனை வரை

நம் பழைய மாணவிகளின் முகவரிகள் இன்று லண்டன், தோஹா, ஜித்தா, மெல்பேர்ண் என்று பரந்து கிடக்கின்றன. கல்லூரியின் நூறாண்டு வரலாற்றைப் பேசும் இவ்வேளையில், அந்நகரங்களுக்கும் நம் ஊருக்கும் இடையிலான தூரத்தின் வரலாற்றையும் சற்றுப் பதிந்து வைப்போம்.

1920களில் நமக்குக் கொழும்பே தூர தேசம். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல்தான். கல்முனைக்கு இன்றுவரை தண்டவாளம் இல்லை. சுமார் 40 கிலோமீற்றர் தெருவால் போய்த்தான் ரயிலேற வேண்டும். கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் ஏறத்தாழ மூன்று வாரம். அக்காலத்தில் ஹஜ்ஜுக்குக் கப்பலேறியவர்கள் கடன் தீர்த்து, எல்லோரிடமும் பொருத்தம் கேட்டுத்தான் புறப்பட்டார்கள்.

1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. பின்னர் கட்டுநாயக்கவும் ஜெட் விமானங்களும் வந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகள் நம் வீடுகளுக்கு அண்டை வீடுகளாயின. இன்று கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் 11 மணி நேரம் அளவில் செல்லும். 2017 முதல் நேரடிச் சேவை பெற்ற மெல்பேர்ண் சுமார் 8,350 கிலோமீற்றர். தோஹா சுமார் 3,600 கிலோமீற்றர். 5 மணி நேரப் பறப்பு.

கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகு கல்முனைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் தெரு இருக்கிறது. அதற்கு ஏழெட்டு மணி நேரமாகும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதையும் சேர்த்தால் கணக்கே இல்லை. தோஹாவிலிருந்து இலங்கைக்கு வரும் நேரத்தைவிட, இலங்கைக்குள் ஊருக்கு வரும் நேரம் அதிகம்.

இந்தக் கணக்கு நம்மை உறுத்துவது ஜனாஸா நாளில்தான். சுபஹு நேரத்தில் ஓர் உம்மா வஃபாத்தானால், பெரும்பாலும் அஸருக்குள் நல்லடக்கம் முடிந்துவிடும். இடையில் இருப்பது பத்துப் பதினொரு மணி நேரம். தோஹாவில் இருக்கும் மகளுக்கு உடனே டிக்கெட் கிடைத்தாலும், விமான நிலையத்தில் மூன்று, வானத்தில் ஐந்து, தெருவில் எட்டு என்று பதினாறு மணி நேரம். கட்டுநாயக்கவரை அவள் அஸருக்கு முன்பே வந்துவிடக்கூடும். அவளைத் தடுப்பது கடலல்ல, தெரு. லண்டன் மகளுக்கோ இருபத்திரண்டு மணி நேரம்.

முன்பு தந்தியும் கடிதமும் வந்த காலத்தில், தூர தேசத்தில் இருந்தவர்க்குச் செய்தி கிடைக்கும்போதே பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். 'போய்ச் சேரலாமா' என்ற கேள்வி எழவில்லை. இன்று செய்தி ஒரு நிமிடத்தில் வருகிறது; ஆள் வரத்தான் ஒரு நாளாகிறது. கைபேசியில் உம்மாவின் முகத்தைப் பார்த்தபடி தனியறையில் அழுவது நம் தலைமுறைக்கு வாய்த்த துயரம்.

அந்த நேரங்களில் ஊரிலிருக்கும் வகுப்புத் தோழிகள் சொல்லாமலே போய் நிற்கிறார்கள்: குளிப்பாட்டுவதில் கைகொடுக்கிறார்கள், வராத மகளுக்காக முகம் பார்க்கிறார்கள், அவளுக்கு அழைப்பெடுத்துப் பேசுகிறார்கள். நம் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளில் இவை இடம்பெறுவதில்லை. இந்த மலரிலாவது இடம்பெறட்டும்.