சிரித்த முகமும் உப்பிய வயிறும்

போன மாதம் குடலில் ஆபரேஷன் ஆன நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். நான்காவது நாள். "ஒண்ணுமில்லே சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தார். ஆனால் வயிறு உப்பியிருந்தது; காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு?" என்றார்.

எனக்கு 1985 நினைவுக்கு வந்தது. பிரேசிலில் 21 வருட ராணுவ ஆட்சி முடிந்து, டாங்க்ரெடோ நெவிஸ் அதிபராகத் தேர்வாகியிருந்தார். மார்ச் 15 பதவியேற்பு. வயிற்று வலி முன்பே இருந்தது. தான் படுத்துவிட்டால் ராணுவம் ஆட்சியை விட்டுக்கொடுக்காதோ என்ற பயத்தில் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டார். பதவியேற்புக்கு முதல் நாள் இரவே அவசர ஆபரேஷன். துணை அதிபர் சார்னே பொறுப்பேற்றார்.

மார்ச் 20-ல் குடல் அடைப்புக்காக மறுபடியும் ஆபரேஷன். 25-ம் தேதி டாக்டர்கள் சூழ நெவிஸ் சிரித்தபடி அமர்ந்திருக்கும் படம் வெளியானது. நாடே நிம்மதி அடைந்தது. சில மணி நேரத்தில் உள்ளே ரத்தக்கசிவு. சாவோ பாவ்லோவுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் ஏழு ஆபரேஷன்கள். ஏப்ரல் 21-ல் காலமானார். வயது 75. அதிபர் நாற்காலியில் ஒரு நாள்கூட அவர் உட்காரவில்லை.

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினால், வயிறு உப்பிக் கல்லாக இறுகினால், வாந்தி நிற்காவிட்டால், வாயு பிரிவது நின்றுபோனால், காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தால், தையலில் சீழ் கசிந்தால் உடனே சொல்ல வேண்டும். குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது வீடு திரும்பிய பிறகும் நடக்கலாம். நம் வயதில் காய்ச்சல் இல்லாமலே கிருமி பரவும். ஆள் திடீரென்று குழம்பிப் பேசுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

நண்பரின் மனைவியிடம் சொன்னேன். அவர் உடனே நர்ஸை அழைத்தார். ஸ்கேன் எடுத்ததில் கசிவு தெரிந்தது. அன்றிரவே மறுபடி ஆபரேஷன். இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறார். "தொந்தரவு கொடுத்ததால் பிழைச்சேன் சார்" என்கிறார்.

நாமும் தயங்காமல் தொந்தரவு கொடுப்போம்.