உளவியலில் உயிரியல் அணுகுமுறை

மனித நடத்தைக்கான காரணங்களை மூளை, நரம்புகள், சுரப்பிகள், மரபணுக்கள் ஆகியவற்றில் தேடும் உளவியல் அணுகுமுறை. வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையிலிருந்து வரும் நோய் என்று ஏறக்குறைய கி.மு. 400இல் ஹிப்பாக்ரட்டீஸ் மரபு மருத்துவர்கள் எழுதியதிலேயே இதன் வித்து இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் ஜோசப் கால், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேலை உண்டு என்றார். அதுவரை சரி. மண்டையோட்டு மேடுகளைத் தடவிக் குணம் சொல்லப் போனதில்தான் வழி தவறினார். உறுதியான சான்று 1861இல் பாரிஸில் கிடைத்தது. லெபோர்ன் என்ற நோயாளிக்குப் பிறர் பேசுவது புரியும். அவர் வாயில் வந்ததோ பெரும்பாலும் ‘டான்’ என்ற ஓரசைதான். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார்.

இத்துறைக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தவர்கள் இப்படி மூளை பழுதுபட்ட தனிமனிதர்களே. அவர்களில் தலையாயவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வலிப்பைத் தணிக்க மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பிறகு சந்தித்தவர்கள் எவரும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது! நினைவாற்றல் என்பது ஒன்றல்ல, பல என்ற முடிவு இங்கிருந்து வலுப்பெற்றது. 2008இல் அவர் இறக்கும்வரை ஆய்வுகள் தொடர்ந்தன. பெயரும் அதன்பிறகே வெளியானது.

இந்த அணுகுமுறைக்கு இருண்ட பக்கமும் உண்டு. பரம்பரையே அறிவைத் தீர்மானிக்கிறது என்ற பிரான்சிஸ் கால்டன் வழிவந்த இனமேம்பாட்டுக் கொள்கை, 1907இல் இந்தியானா மாநிலத்திலும் 1933இல் நாஜி ஜெர்மனியிலும் கட்டாயக் கருத்தடைச் சட்டமாயிற்று. மனநோயாளிகளின் முன்மூளை இணைப்புகளை வெட்டும் சிகிச்சையைத் தொடங்கிவைத்த எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்தது. 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, மனநோய் மருத்துவம் கத்தியிலிருந்து மெல்ல மாத்திரைக்கு நகர்ந்தது.

மரபணு என்றால் மாற்ற முடியாத விதி என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அதற்கு நல்ல மறுப்பு, 1934இல் நார்வேயில் கண்டறியப்பட்ட பீனைல்கீட்டோனூரியா. அறிவு வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் இந்நோய் முழுக்க மரபணுக் குறையால் வருவது. ஆனால், பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் ரத்தத்துளியில் இதைக் கண்டுபிடித்து, பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவு கொடுத்துவந்தால், குழந்தையின் அறிவு பெரும்பாலும் இயல்பாகவே வளர்கிறது.