பாகப்பிரிவினைக் கணக்கை எழுதியவர்கள் யார்?



எளாவூரில் மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் பலருடைய அத்தாமார் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரிபவர்கள். அவர்களுள் லேத் வேலை செய்யும் ஒருவர், சென்ற மாதம் தம் மகளின் கணிதப் பாடநூலை எடுத்துவந்து கேட்டார்: “ஹஜ்ரத், இந்தக் கணக்கையெல்லாம் எழுதுறவங்க என்ன வேலை பார்க்கிறவங்க? பட்டறைப் பக்கம் வந்திருப்பாங்களா?”

நூலை உருவாக்கியோரின் பட்டியலைப் புரட்டிக் காட்டினோம். பேராசிரியர்கள் சிலர், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர். அவர் திருப்தியுடன் சென்றுவிட்டார். நமக்குத்தான் உறக்கம் வரவில்லை. நாம் ஓதிய கிதாபுகளில் உள்ள கணக்குகளை எழுதியவர்கள் யார், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லையே!

முதலில் நினைவுக்கு வருபவர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா மஃமூனின் ஆதரவில் பக்தாதில் பணியாற்றிய வானியல் அறிஞர். ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த அவருடைய நூலில் பெரும்பகுதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளே. மக்கள் சொத்தைப் பிரிக்கவும், வழக்குத் தீர்க்கவும், வணிகம் செய்யவும், நிலத்தை அளக்கவும், கால்வாய் வெட்டவும் உதவவே அதை எழுதியதாக முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். இன்று அல்ஜீப்ரா என்றாலே நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அது பிறந்த இடம் ஒரு மய்யித்தின் வீட்டுக் கூடம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அடுத்தவர் நம் ஷாஃபிஈ மதரஸாக்களுக்கு மிக நெருக்கமானவர். ஃபராயிள் கலையில் ‘ரஹபிய்யா’ பாடலுக்கு ஸிப்துல் மாரிதீனீ எழுதிய விரிவுரையை ஓதாத மாணவர் குறைவு. அவரை ஃபிக்ஹு ஆலிம் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் அவர் வகித்த பதவி முவக்கித். அதாவது தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்பவர். சூரியனின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் அளப்பதே அவருடைய அன்றாட வேலை. பாகை, கலை என அறுபது அறுபதாகப் பிரிக்கும் கணக்குமுறைக்கும் அவர் பாடநூல் எழுதினார். பின்னங்களோடு நாள்தோறும் புழங்கிய கை அது. ஆகவேதான் வாரிசுப் பங்குகளை அவர் விளக்கும்போது தடுமாற்றமே இருப்பதில்லை.

தடுமாறியவர்கள் நாம்தாம். அதை மறைக்க விரும்பவில்லை.

பட்டம் பெற்ற புதிதில், இறந்துபோன ஒருவரின் 48 சென்ட் நிலத்தைப் பங்கிட்டுத் தருமாறு ஒரு குடும்பத்தார் நம்மை அழைத்தனர். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோர் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 சென்ட். மீதி 42 சென்டில் ஆறில் ஒரு பங்கு என்று தாய்க்கு 7 சென்ட் எழுதினோம். ஆறில் ஒன்று என்பது முழுச் சொத்தில் ஆறில் ஒன்று. 8 சென்ட் வரவேண்டும். பிழையைக் கண்டுபிடித்தவர் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அந்த மகள். அந்த ஒரு சென்ட் பாட்டிக்குப் போனால் தம் பங்கும் குறையும் என்று தெரிந்தே சொன்னார். சூரத்துன் னிஸாவின் ஆயத்துகள் நமக்கு மனப்பாடமாக இருந்தன, பின்னம்தான் கைவரவில்லை.

எட்டுக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24. மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என 17ஐ மூன்றாகப் பிரிக்க இயலாது. எனவே அனைத்தையும் மூன்றால் பெருக்கி 72 ஆக்கினால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கிதாபில் ‘தஸ்ஹீஹ்’ என்று நாம் ஓதியது இதைத்தான். ஆறாம் வகுப்புப் பாடம்!

நம் முன்னோர் இதைத் தனியாகவே கற்பித்தார்கள். லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) வகுத்த தர்ஸே நிஜாமியில் யூக்ளிடின் வடிவகணிதத்தோடு ‘குலாஸதுல் ஹிஸாப்’ என்ற எண்கணித நூலும் இடம்பெற்றது. அதன் ஆசிரியர் பஹாவுத்தீன் ஆமிலீ (1547–1621), இஸ்ஃபஹானின் ஷைகுல் இஸ்லாம். அவர் ஷீஆ அறிஞர். ஆயினும் சுன்னத் ஜமாஅத் மதரஸாக்கள் அவருடைய கணக்கை ஏற்கத் தயங்கவில்லை.

அதே நூலை 17ஆம் நூற்றாண்டில் பார்சியில் சுருக்கித் தந்தவர் லுத்ஃபுல்லாஹ் முஹந்திஸ். தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரியின் மகன். இவருடைய சகோதரர் அதாவுல்லாஹ் ருஷ்தீ, பாஸ்கராச்சாரியரின் பீஜகணிதத்தைச் சமஸ்கிருதத்திலிருந்து பார்சிக்கு மொழிபெயர்த்து ஷாஜஹானுக்குக் காணிக்கையாக்கினார். கல்லும் நூற்கயிறுமாக வாழ்ந்த குடும்பத்திலிருந்து பாடநூல்கள் வந்தன.

நாம் ஓதிய மதரஸாவில் அந்தக் கணித நூல்கள் இல்லை. எப்போது, யாரால் விடப்பட்டன என்று உஸ்தாதுமார்களுக்கும் நினைவில்லை.

பிற்காலத்திலும் இதே கதையைக் காண்கிறோம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் அறிவியல் கல்வியை மாற்றியமைத்த முயற்சியில் முன்னின்றவர் அனில் சத்கோபால். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்த உயிரியல் விஞ்ஞானி. தமிழகத்தில் 2017இல் பாடத்திட்டத்தை மாற்ற அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் மு. அனந்தகிருஷ்ணன் கட்டடப் பொறியாளர். அதில் இடம்பெற்ற ஆர். இராமானுஜம், அப்போது தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய கணினியியல் அறிஞர். துளிர் இதழ் வழியாகச் சிறுவர்களோடு பழகியவர். ஆயினும் நம் மனம் அதிகம் சாய்வது பி.கே. சீனிவாசன் அவர்களிடமே. மண்ணடியை ஒட்டிய முத்தியால்பேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியர். கணிதமேதை ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டவர். பெரிய பதவி எதுவுமில்லை; கரும்பலகையும் பிள்ளைகளும்தான் அவருடைய ஆய்வகம். நிபுணர் எழுதும் பாடத்தில் எங்கே பிள்ளை தடுக்கி விழும் என்பது இத்தகையவருக்கே தெரியும்.

ஷஅபான் பிறந்ததும் எளாவூர் மக்தபில் மூத்த பிள்ளைகளுக்கு ஃபராயிள் தொடங்குகிறோம். முதல் வகுப்பை நாம் எடுக்கவில்லை. கேள்வி கேட்ட அந்த லேத் தொழிலாளி, இரவு ஷிப்ட் இல்லாத வாரத்தில் தம் வெர்னியர் அளவியோடு வந்து, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரிப்பது எப்படி என்று காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு அந்த 48 சென்டைப் பலகையில் எழுதுவோம்.